பெரிய அஞ்சல் கோப்பிலிருந்து வேண்டிய கடிதங்களை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி: முனையக் கட்டளைகளுக்கான முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகள் பயன்படுத்திய மின்னஞ்சல் கணக்கை மூடும் முன் அதிலுள்ள அனைத்தையும் தரவிறக்கிக்கொண்டால், கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய உரைக்கோப்புதான். கூகுள் டேக்அவுட் வழியாக ஜிமெயிலை இறக்கினாலும், தண்டர்பேர்டின் கோப்புறைக்குள் புகுந்து பார்த்தாலும், பழைய யுனிக்ஸ் வழங்கிகளில் அஞ்சல் சேரும் இடத்தைத் தேடிப் போனாலும் பொதுவாகக் கிடைப்பது எம்பாக்ஸ் என்னும் ஒரே வடிவம்: கடிதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்பட்ட நீண்ட சுருள்.

எனக்கு இந்த வேலை தேவைப்பட்டது என் தமிழாசிரியர் மறைந்த பிறகு. அவர் எனக்கு எழுதிய கடிதங்களை மட்டும் தனியே எடுத்து அவருடைய பிள்ளைகளிடம் கொடுக்க விரும்பினேன். கிரெப் கட்டளையால் அவருடைய முகவரியைத் தேடியபோது, முகவரி இருந்த வரிகள் மட்டும் திரையில் ஓடின; கடிதங்கள் வரவில்லை. பிறகு அவர் எப்போதும் எழுதும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினேன். ஒரு வரிகூட வரவில்லை. கிரெப் வரியை அறியும், கடிதத்தை அறியாது. அதோடு, தமிழில் எழுதிய மடல் பெரும்பாலும் கோப்புக்குள் தமிழாக இருப்பதில்லை. இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால் மீதி வேலை எளிது.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில்) அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் குறிப்பிடுகிறேன். லினக்ஸ், மேக் இரண்டிலும் முனையம் உடனிருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல்லை விண்டோஸில் நிறுவிக்கொண்டால் போதும்.

முதல் படி: மூலத்தைத் தொடாதீர்கள்

கோப்பின் நகலொன்றை எடுத்து, இடைவெளி இல்லாத எளிய ஆங்கிலப் பெயர் வையுங்கள். இங்கே அதை மெயில்.எம்பாக்ஸ் என்று அழைக்கிறேன். மூலக்கோப்புக்கு சிமாட் கட்டளையால் எழுதும் உரிமையை நீக்கிவிட்டு, எஸ்எச்ஏ256சம் கட்டளை தரும் நீண்ட எண்ணைக் குறித்து வையுங்கள். வேலை முடிந்தபின் அதே கட்டளையை மீண்டும் ஓட்டி அதே எண் வந்தால், மூலம் ஒரு பைட்டுகூட மாறவில்லை என்று உறுதியாகும். வட்டில் கோப்பின் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். மேக்கின் அஞ்சல் செயலியிலிருந்து ஏற்றுமதி செய்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எம்பாக்ஸ் என்ற முடிவுடன் தெரிவது அங்கே ஒரு கோப்புறை, அதனுள் எம்பாக்ஸ் என்ற பெயரிலேயே இருப்பதுதான் உண்மையான கோப்பு.

இரண்டாம் படி: கோப்பைக் கண்ணால் பாருங்கள்

லெஸ் கட்டளையால் கோப்பைத் திறந்து முதல் இரண்டு மூன்று கடிதங்களைப் பொறுமையாகப் படியுங்கள். பலர் தாவிவிடும் படி இது. பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

ஒவ்வொரு கடிதமும் 'ஃப்ரம்' என்ற சொல்லோடும் அதை அடுத்த ஓர் இடைவெளியோடும் தொடங்கும். அந்தச் சொல்லின் முதலெழுத்து பெரிய எழுத்து. அதே வரியில் ஒரு முகவரியும், கிழமை, மாதம், தேதி, மணி, ஆண்டு என்ற வரிசையில் நேரமும் இருக்கும். தண்டர்பேர்ட் முகவரிக்குப் பதிலாக ஒரு சிறு கோடு மட்டும் போடும். ஜிமெயில் கோப்பில் அங்கே ஒரு நீண்ட எண் இருக்கும். இதைக் கடித உறையின் மேல் அஞ்சலகம் குத்திய முத்திரை என்று கொள்ளுங்கள். சில வரிகள் தள்ளி, 'ஃப்ரம்' என்பதை ஒட்டி முக்காற்புள்ளியுடன் இன்னொரு வரி வரும். அது கடிதத்தின் உள்ளே எழுதிய அனுப்புநர் பெயர். இடைவெளி உள்ளது கடிதத்தின் எல்லைக்கல்; முக்காற்புள்ளி உள்ளது அனுப்புநரைச் சொல்லும் தலைப்பு. இந்த இரண்டையும் ஒன்றென எண்ணுவதால் விளையும் பிழைகள் மிகப் பல. தலைப்புகள் முடிந்ததும் ஒரு வெற்று வரி. அதன்பின் கடிதத்தின் உடல். அது முடிந்ததும் இன்னொரு வெற்று வரி. பிறகு அடுத்த எல்லைக்கல்.

விண்டோஸ் வழியாக வந்த கோப்பானால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டியிருக்கலாம். ஃபைல் கட்டளை கொடுத்தால் சிஆர்எல்எஃப் என்று அது சொல்லிவிடும். அப்படியானால் நமக்கு வெற்றாகத் தெரியும் வரி கருவிக்கு வெற்று வரி அல்ல. டிஆர் கட்டளையில் சிறிய டி (டிலீட் என்பதன் முதலெழுத்து) தெரிவைக் கொடுத்து, பின்சாய்கோடும் ஆரும் சேர்ந்த குறியை நீக்கிய புதிய நகலை உருவாக்கி, அதிலேயே வேலையைத் தொடருங்கள்.

மூன்றாம் படி: எத்தனை கடிதங்கள் என்று எண்ணுங்கள்

கிரெப் -ஏ -சி '^ஃப்ரம் ' மெயில்.எம்பாக்ஸ்

மேற்கோளுக்குள் சொல்லுக்குப் பின்னுள்ள இடைவெளியை விட்டுவிடாதீர்கள். தொப்பிக்குறி வரியின் தொடக்கத்தைக் குறிக்கும். சி தெரிவு, வரிகளைக் காட்டாமல் எண்ணிக்கையை மட்டும் தரும். ஏ தெரிவு இல்லையென்றால், கோப்பில் எங்கோ விந்தையான பைட்டுகள் இருக்கும்போது கிரெப் இதை இருமக் கோப்பு என்று முடிவுகட்டி, பொருந்துகிறது என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடக்கூடும்.

இந்த எண்ணை உடனே நம்பிவிடக் கூடாது. நண்பர் ஒருவர் ஆங்கிலத்தில் பயணக் கடிதம் எழுதி, 'மதுரையிலிருந்து பேருந்து பிடித்தோம்' என்பதை 'ஃப்ரம் மதுரை' என்று வரியின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் கண்ணுக்கு அது புதிய கடிதத்தின் எல்லைக்கல். ஒரு கடிதம் இரண்டாக வெட்டுப்படும். இதைத் தவிர்க்கவே, அஞ்சலைச் சேமிக்கும் நிரல்கள் உடலில் வரும் அத்தகைய வரியின் முன் ஒரு பெரிது-குறியைச் சேர்க்கின்றன. எல்லா நிரல்களும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. செய்பவற்றிலும் வகைகள் உண்டு. எம்பாக்ஸ்ஓ என்னும் பழைய வகை, ஏற்கெனவே பெரிது-குறி உள்ள வரியை அப்படியே விட்டுவிடும். எனவே எது மூலத்தில் இருந்தது, எது சேர்க்கப்பட்டது என்று பின்னால் பிரித்தறிய இயலாது. எம்பாக்ஸ்ஆர்டி வகை அத்தகைய வரிக்கும் இன்னொரு குறியைச் சேர்ப்பதால், ஒவ்வொன்றாக உரித்து மூலத்தை மீட்கலாம்.

ஆகவே தேடும் வடிவத்தைச் சற்று இறுக்குங்கள். 'ஃப்ரம்' என்று தொடங்கி, அதே வரியில் இரண்டு இலக்கம், முக்காற்புள்ளி, இரண்டு இலக்கம், முக்காற்புள்ளி, இரண்டு இலக்கம் என மணி நேரமும் இருந்தால் மட்டுமே எல்லைக்கல் என்று கொள்ளச் செய்யுங்கள். இந்த எண்ணும் முதல் எண்ணும் வேறுபட்டால், வேறுபடும் வரிகளை மட்டும் கிரெப்பின் சிறிய வி தெரிவால் வடித்தெடுத்துப் படியுங்கள். பேருந்தில் போன நண்பர் அங்கே அகப்படுவார். ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியே இடப்படும் செய்தி அடையாளத் (மெசேஜ்-ஐடி) தலைப்பை எண்ணி ஒப்பிடலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு மடலை இன்னொரு மடலின் இணைப்பாக அனுப்பியிருந்தால் அந்தத் தலைப்பு ஒரே கடிதத்தில் இருமுறை வரும். துணைச் சான்றாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கடிதம் கடிதமாக வெட்டுதல்

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஃபார்மெயில். புரொக்மெயில் என்ற தொகுப்போடு வரும் இந்தச் சிறு கருவி கடிதத்தை ஓர் அலகாக அறியும். டெபியன், உபுண்டு கணினிகளில் ஆப்ட் கட்டளையால் அத்தொகுப்பை நிறுவலாம்.

ஃபார்மெயில் -எஸ் எஸ்எச் -சி 'கேட் > எம்எஸ்ஜி.$ஃபைல்நோ' < மெயில்.எம்பாக்ஸ்

எஸ் தெரிவு சுருளைக் கடிதங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் அடுத்து எழுதிய கட்டளையிடம் ஒப்படைக்கிறது. ஃபைல்நோ என்பது ஃபார்மெயில் தானாக ஏற்றிக்கொண்டே போகும் வரிசை எண். அதை முழுவதும் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். இயல்பாக மூன்று இலக்கங்களில் தொடங்கும் அது, ஆயிரத்தைத் தாண்டும் கோப்பில் அகரவரிசையைக் குலைத்துவிடும். ஆகையால் கட்டளைக்கு முன் ஃபைல்நோவின் மதிப்பை 00000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து இலக்க எண்கள் கிடைக்கும். இதைத் தனிக் கோப்புறையில் நின்று செய்யுங்கள், இல்லையேல் வீட்டுக் கோப்புறை முழுவதும் கடிதங்கள் இறைந்துவிடும்.

சில கடிதங்களில் உடலின் நீளத்தைக் கூறும் தலைப்பு ஒன்று இருக்கும். அதிலுள்ள எண் தவறாக இருந்தால் ஃபார்மெயில் அதை நம்பி அடுத்த கடிதத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். வெட்டிய கோப்புகளின் எண்ணிக்கை மூன்றாம் படியில் கண்டதைவிடக் குறைந்தால், எஸ் தெரிவுக்கு முன் பெரிய எழுத்து ஒய் தெரிவைச் சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள். அந்தத் தலைப்பைப் பொருட்படுத்தாமல் அது வேலை செய்யும்.

அடுத்து, வெட்டிய ஒவ்வொரு கோப்பையும் ஒரு சுழற்சியில் எடுத்து, ஃபார்மெயிலின் சிறிய சி, சிறிய எக்ஸ் தெரிவுகளுடன் முக்காற்புள்ளி உள்ள 'ஃப்ரம்' தலைப்பை மட்டும் வெளியில் எடுங்கள். அதைக் குழாய்க்குறி வழியாகக் கிரெப்புக்கு அனுப்பி, வேண்டிய முகவரி இருந்தால் அந்தக் கோப்பு முழுவதையும் இரட்டைப் பெரிது-குறியால் புதிய எம்பாக்ஸின் கடைசியில் சேருங்கள். எக்ஸ் தெரிவு ஒரு தலைப்பின் மதிப்பை மட்டும் தருவதால், உடலில் யாரோ அந்த முகவரியை மேற்கோள் காட்டியிருந்தால் அது இங்கே குழப்பம் தராது. சி தெரிவு மிகத் தேவையானது. நீண்ட தலைப்புகள் பல வரிகளாக மடிக்கப்பட்டு, இரண்டாவது வரி முதல் இடைவெளியோடு தொடங்கும். சி அவற்றை ஒரே வரியாக நீட்டிவிடும். மடிப்பை நீட்டாமல் தேடினால், அனுப்புநர் பெயர் ஒரு வரியிலும் முகவரி அடுத்த வரியிலும் இருக்கும் கடிதங்கள் ஓசையின்றி விடுபட்டுப்போகும்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனி நிரல் ஓடுவதால், இலட்சக்கணக்கில் கடிதங்கள் இருந்தால் இது மெதுவாகத்தான் நகரும். அப்போது, கோப்பை வரி வரியாகப் படித்து நாம் எழுதும் விதிகளின்படி நடக்கும் ஆக் நிரலே மேல். அதற்கு நான்கு விதிகள் எழுதினால் போதும். எல்லைக்கல் வரி வந்தால், இதுவரை திரட்டிய கடிதத்துக்கு 'வேண்டும்' என்ற அடையாளம் விழுந்திருந்தால் அதை அச்சிட்டு, திரட்டையும் அடையாளத்தையும் காலி செய்து, 'தலைப்புப் பகுதியில் இருக்கிறோம்' என்ற கொடியை ஏற்ற வேண்டும். எந்த வரி வந்தாலும் அதைத் திரட்டின் கடைசியில் சேர்க்க வேண்டும். கொடி ஏறியிருக்கும்போது வெற்று வரி வந்தால் கொடியை இறக்க வேண்டும். கொடி ஏறியிருக்கும்போது வேண்டிய தலைப்பு வந்தால் அடையாளம் இட வேண்டும். கோப்பு முடிந்ததும் கடைசிக் கடிதத்தையும் சோதித்து அச்சிட மறந்துவிடாதீர்கள்: அதற்குப் பின் எல்லைக்கல் வராது, எனவே எண்ட் பகுதியில் அந்தச் சோதனையை எழுதாவிட்டால் சுருளின் கடைசிக் கடிதம் எப்போதும் தொலைந்துபோகும். ஆக் மடிப்பை நீட்டாது. இடைவெளியோடு தொடங்கும் தலைப்பு வரியை முந்தைய வரியோடு சேர்த்துப் பார்க்கும் விதியையும் நீங்களே எழுத வேண்டும்.

ஐந்தாம் படி: தமிழ்ச் சொல்லைத் தேடுதல்

இங்கேதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. மின்னஞ்சலின் தலைப்புகள் ஆதியில் ஆங்கில எழுத்துகளுக்காக மட்டுமே வகுக்கப்பட்டவை. பிற மொழிகளைத் தலைப்பில் எழுத 1996 இல் வெளியான ஆர்எஃப்சி 2047 என்னும் விதிமுறை வழி செய்தது. அதன்படி தமிழ்ப் பொருள் வரி, சமக்குறியும் கேள்விக்குறியும் சூழ்ந்த ஒரு பொதிக்குள் பேஸ்64 எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்கிறது. உடலும் பெரும்பாலும் அப்படித்தான்.

'க' என்ற ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது மூன்று பைட்டுகள். பேஸ்64 மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றும். எனவே 'க' கோப்பில் 4, கே, 6, வி என்ற நான்கு குறிகளாகக் கிடக்கும். தமிழ்க் குறியீடுகள் எல்லாமே இம்முறையில் மூன்று பைட்டுகள் என்பதாலும் அவற்றின் முதல் பைட்டு ஒன்றே என்பதாலும், தமிழ்ச் சொல் முதலில் வரும் பொதி 4, கே என்று தொடங்கி, மூன்றாவது குறியாக 6 அல்லது கூட்டல் குறியைக் கொண்டிருக்கும். ஒரு மடலின் பொருள் வரியில் இந்த அடுக்கு திரும்பத் திரும்ப வந்தால், அது தமிழ் மடல் என்று அவிழ்க்காமலேயே சொல்லிவிடலாம்.

அப்படியானால் தேடும் சொல்லையும் பேஸ்64 ஆக மாற்றிவிட்டுக் கிரெப் செய்தால் என்ன? சொல் பொதியின் தொடக்கத்தில் இருந்தால் கிடைக்கும். அதற்கு முன் ஓர் இடைவெளி வந்தால், அந்த ஒற்றைப் பைட்டு பின்னால் வரும் எல்லாவற்றையும் மூன்றின் வரிசையிலிருந்து நகர்த்திவிடும். அதே சொல் வேறு உருவம் கொள்ளும். இரண்டு இடைவெளி வந்தால் இன்னொரு உருவம். ஆக ஒரே சொல்லுக்கு மூன்று உருவங்கள். இதற்கு மேல், ஒரு பொதி 75 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பதால் அதில் 15 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் அடங்காது. 'கடிதம்' என்ற சொல்லிலேயே உயிர்க்குறியும் புள்ளியும் சேர்த்து ஆறு குறியீடுகள் உள்ளன. நீண்ட பொருள் வரி பல பொதிகளாக உடையும்போது, தேடும் சொல் நடுவில் பிளந்துபோகலாம். உடலிலும் பேஸ்64 வரிகள் 76 எழுத்துகளில் முடிந்துவிடும். ஆகவே தமிழில் தேடுவதானால், அவிழ்த்த பிறகே தேட வேண்டும்.

அவிழ்த்துத் தேட மிக எளிய வழி மட். முனையத்திலேயே இயங்கும் இந்த அஞ்சல் செயலியைப் பெரிய எழுத்து ஆர், சிறிய எஃப் தெரிவுகளுடன் கோப்பின் பெயரைக் கொடுத்துத் தொடங்கினால், மூலத்தை மாற்ற முடியாத வகையில் திறக்கும். சிறிய எல் விசையை அழுத்தி, அலைக்குறியோடு எஸ் இட்டுத் தமிழ்ச் சொல்லைத் தட்டினால் பொருள் வரியில் அச்சொல் உள்ள கடிதங்கள் மட்டும் திரையில் நிற்கும். அலைக்குறியோடு எஃப் என்றால் அனுப்புநர். டி என்றால் தேதி. பி (பாடி என்பதன் முதலெழுத்து) என்றால் உடல். தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் சாய்கோட்டால் பிரித்து, 01/01/2009-31/12/2009 என்று எல்லை கொடுக்கலாம். உடலில் தேடும் முன் தரோ சர்ச் என்ற அமைப்பு இயக்கத்தில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இருந்தால்தான் உடலை அவிழ்த்துவிட்டுத் தேடும். வேண்டியவை திரையில் நின்றதும், பெரிய டி (டேக் என்பதன் முதலெழுத்து) விசையை அழுத்தி அலைக்குறியும் பெரிய ஏ எழுத்தும் தட்டினால் அத்தனைக்கும் குறி விழும். பிறகு அரைப்புள்ளி, அதையடுத்துப் பெரிய சி. புதிய கோப்பின் பெயரைக் கேட்கும். கொடுத்தால் நகல்கள் அங்கே சேரும். என் ஆசிரியரின் கடிதங்களில் பெரும்பகுதி இந்த வழியில்தான் கிடைத்தது.

ஒரே வேலையை அடிக்கடி செய்பவர்கள் பைத்தான் நிரல்மொழியோடு உடன்வரும் மெயில்பாக்ஸ், ஈமெயில் தொகுதிகளைப் பயன்படுத்திப் பத்துப் பன்னிரண்டு வரிகளில் ஒரு நிரல் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஈமெயில் தொகுதியின் இயல்புக் கொள்கையைக் குறிப்பிட்டுத் திறந்தால் தலைப்புகள் அவிழ்ந்த தமிழாகவே கைக்கு வரும். தேடுவதற்கு அவிழ்ந்த வடிவத்தையும், எழுதுவதற்கு மூலப் பைட்டுகளையும் பயன்படுத்துங்கள். கெட் பைட்ஸ் என்னும் செயற்கூறில் எல்லைக்கல் வரியும் வேண்டும் என்று சொல்லி எடுத்தால், கடிதத்தின் பழைய முத்திரை மாறாமல் புதிய கோப்பில் சேரும்; சொல்லாவிட்டால் இன்றைய தேதியில் புதிய முத்திரை விழுந்துவிடும். இத்தொகுதியும் 'ஃப்ரம்' என்று தொடங்கும் வரியை எல்லாம் எல்லைக்கல்லாகவே கொள்ளும் என்பதால், மூன்றாம் படியின் சோதனை இதற்கும் தேவை.

பைத்தான் வழியில் இன்னொரு நன்மையும் உண்டு. 'கொ' என்பதிலுள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. யூனிகோட்டேட்டா தொகுதியால் மடலையும் தேடும் சொல்லையும், இத்தகையவற்றை ஒரே குறியீடாகச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு மறையும்.

யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய மடல்கள் உங்களிடம் இருந்தால் அவை டிஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியேற்ற முறையில் எழுதப்பட்டிருக்கலாம். அக்காலத்தில் அவை பெரும்பாலும் வேறு குறியேற்றத்தின் பெயரோடு அனுப்பப்பட்டதால், மட் அவற்றைப் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவே காட்டும். லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும். வெட்டிய கடிதத்தின் உடலை, அது பொதிக்குள் இருந்தால் அவிழ்த்துவிட்டு, டிஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8 க்கு மாற்றச் சொன்னால் தமிழ் எழுத்துகள் எழுந்து நிற்கும். டிஸ்கியில் கொம்புகள் மெய்யெழுத்துக்கு முன்னால், நாம் கையால் எழுதும் வரிசையிலேயே சேமிக்கப்படுகின்றன. மாற்றும்போது ஐகான்வ் அந்த வரிசையையும் திருத்திவிடும்.

ஆறாம் படி: மிகையானவற்றை நீக்குதல்

தண்டர்பேர்ட் கோப்பில், நீங்கள் எப்போதோ அழித்த கடிதங்களும் இருக்கக்கூடும். கோப்புறையைச் சுருக்கும் வரை அவை கோப்பிலேயே கிடக்கும். எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் என்ற தலைப்பிலுள்ள பதினாறடிமான எண்ணில், பிற கூறுகளோடு 8 என்ற கூறும் ஏறியிருக்கும். எனவே அங்கே 0008 மட்டுமன்றி, படித்த பின் அழித்ததைக் குறிக்கும் 0009 ஐயும் தேட வேண்டும். நீக்குவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். தவறுதலாக அழித்த நல்ல கடிதமும் இப்படி மீளக்கூடும்.

ஜிமெயிலில் சிட்டை (லேபல்) வாரியாகத் தனித்தனியே இறக்கியிருந்தால் ஒரே கடிதம் பல கோப்புகளில் இருக்கும். அனைத்தையும் ஒன்றாக்கிவிட்டு, ஃபார்மெயிலின் பெரிய டி (டூப்ளிகேட் என்பதன் முதலெழுத்து) தெரிவுக்கு ஓர் அளவையும் ஒரு தற்காலிகக் கோப்பின் பெயரையும் கொடுத்து எஸ் தெரிவோடு ஓட்டினால், செய்தி அடையாளம் ஒன்றாக உள்ளவற்றில் முதலாவதை மட்டும் விடும். கையேட்டில் எடுத்துக்காட்டாக உள்ள 8192 என்ற அளவு, நினைவில் வைக்கும் அடையாளங்களுக்கான பைட்டு இடம். அதில் நூற்றுச் சில்லறை அடையாளங்கள்தான் கொள்ளும். பெரிய தொகுப்புக்கு அதைப் பல இலட்சமாக உயர்த்துங்கள்.

ஏழாம் படி: சரிபார்த்தல்

புதிய கோப்பில் மூன்றாம் படியின் இறுக்கமான வடிவத்தால் மீண்டும் எண்ணுங்கள். மட் வழியில் கிடைத்த எண்ணும் ஃபார்மெயில் வழியில் கிடைத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டிலிருந்தும் செய்தி அடையாளங்களை எடுத்து, சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்தி, காம் கட்டளையால் ஒப்பிட்டால் எது விடுபட்டது என்று தனித்துத் தெரியும். எனக்கு அப்படி அகப்பட்ட கடிதங்கள் ஆசிரியர் தம் மகளின் கணக்கிலிருந்து அனுப்பியவை: முகவரி வேறு, கையொப்பம் அவருடையது. முகவரியால் தேடியபோது வராத அவை, உடலில் அவர் பெயரைத் தேடிய மட் வழியில் வந்திருந்தன. பிறகு புதிய கோப்பின் முதல் கடிதம், கடைசிக் கடிதம், மிகப் பெரிய இணைப்புள்ள கடிதம் ஆகிய மூன்றையும் திறந்து, இணைப்பு முழுமையாக விரிகிறதா என்று பாருங்கள். அதன்பின் மூலக்கோப்பின் எஸ்எச்ஏ256 எண்ணை, முதல் படியில் குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.